யாருக்கும் வேண்டாத மேல்மாடி

எங்கள் வீடு யாருக்கும் வேண்டாத வீடு. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது, அதனால்தான் இத்தனை வருடம் எங்களிடமே தங்கியது. மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் வரை வெயில் தலையில் உட்காரும், அதற்கப்புறம் முகத்தில் அறையும். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் கோடையின் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் சுவர்க் கண்ணாடி ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். முதல்நாள் நான் அதில் முகம் பார்த்தபோது கண்ணாடிக்கே வேர்த்திருந்தது.

நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் என் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் தையல்காரி. துணியானாலும் பேச்சானாலும் அளவுக்கு மேல் ஒரு விரற்கடை விடமாட்டாள். அந்த முதல் கோடையில் அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி எடுக்கப் போனால், சட்டையெல்லாம் கொடியிலேயே இஸ்திரி ஆகி விறைப்பாக நிற்கும். தெருமுனை இஸ்திரிக்காரர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். குழாயைத் திறந்தால் டீத்தூளும் சர்க்கரையும் போடுவதுதான் பாக்கி.

ஏ.சி. வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். மாட்டுவதற்குச் சுவர்கூட இருக்கிறது. ஆனால் அதற்கு வருகிற கரண்டு பில்லைப் பார்த்தாலே உடம்பு ஜில்லிட்டுப் போகும் என்றார்கள். பில் செய்கிற வேலைக்கு மெஷின் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

வேறு வீடு போகலாமே என்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் வாடகை வீடு கேட்டுப் போனால், காட்டுகிறவர்கள் முதலில் மாடிப்படியைப் பார்ப்பார்கள், அப்புறம் எங்கள் முழங்காலைப் பார்ப்பார்கள், அப்புறம் போன் பண்ணுகிறோம் என்பார்கள். அந்தப் போன்கள் எல்லாம் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கின்றன. ஆக, எங்களுக்கென்று மிச்சமிருந்த ஒரே கூரை இதுதான். அடுப்புக்குள் குடியிருக்கவும் வேண்டும், வேகவும் கூடாது.

நான் தியேட்டரில் படம் ஓட்டியவன். தெருவில் என்னை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படம் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. வெளிச்சம் எந்த ஓட்டை வழியாக உள்ளே வரும், அதை எதை வைத்து அடைப்பது. பகல் காட்சியில் எங்கேயாவது ஊசி நுழைகிற துவாரம் இருந்துவிட்டால் போதும், கதாநாயகியின் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் அழுவாள், ஜனங்கள் சிரிப்பார்கள். வெளிச்சம் வருகிற வழியில்தான் சூடும் வருகிறது என்பது ஒருநாள் எனக்கு உறைத்தது. அவ்வளவுதான், வீட்டைத் தியேட்டர் ஆக்கிவிட்டேன்.

முதலில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இரண்டாவது பூச்சு காய்ந்ததும் அது விட்ட பளபளப்பில், மேலே பறந்த புறாக்கள் ஒரு இறக்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு இறக்கையால் பறந்தன. சன்னல்களுக்கு வெளிப்பக்கம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாளை அதில் ஒட்டி, மேல்விளிம்பில் மட்டும் திருகாணி போட்டு, ராத்திரி தூக்கிவிடுகிற மாதிரி மாட்டினேன். உள்பக்கத்துக்கு என் மனைவி பழைய சாக்குகளை இரட்டை மடிப்பாகத் தைத்துத் திரை கட்டினாள். சன்னலுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் கதவுக்கு வந்தது. மேற்குச் சுவர் கொதிக்கிறதே என்று சுவருக்கு வந்தது. ஒரு சுவருக்கு மட்டும் இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று நாலு சுவருக்கும் வந்தது.

காற்று உலர்ந்திருக்கிற நாளில் திரைகளில் தண்ணீர் தெளிப்போம். புழுக்கமான நாளில் தெளிக்கக் கூடாது, தெளித்தால் ஆவியில் வேகவேண்டியதுதான். சமையல் விடிவதற்குள் முடிந்துவிடும். ராத்திரி எல்லாவற்றையும் திறந்துபோட்டு, ஒரு சன்னலில் மேஜை விசிறியை வெளியே பார்த்து வைப்போம். அது வீட்டிலிருக்கிற சூட்டின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். எதிர்ச் சன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று, கூப்பிடாத வீட்டுக்கு வருகிற மாதிரி தயங்கித் தயங்கி உள்ளே வரும்.

ஃபிரிட்ஜின் முதுகு சுடுகிறது என்று அதைக் கதவுக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிற படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தோம். அதில் ஒரு சின்னச் சங்கடம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் காலை வெயில் பட்டதும் எங்கள் கதவு மூடிவிடும். அதே தொட்டிக்குப் பின்னால் வெயில் இறங்குகிறவரை திறக்கக் கூடாது. அதுதான் சட்டம், போட்டது நான். பகலில் தாகமெடுத்துக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது. ஆகவே ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாமானாக ஆகிவிட்டது.

உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. ஒருமுறை தபால்காரர் கையெழுத்து வாங்குவதற்கு உள்ளே கால் வைத்தார். பேனா தேடுவதற்குள் தொட்டியில் வெயில் பட்டுவிட்டது. சாயங்காலம்வரை இருந்துவிட்டுத்தான் போனார். பொழுது போகாமல் என் மனைவியிடம் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டார். இப்போது வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே தையற்கடை வைத்திருக்கிறார், நன்றாக ஓடுகிறது.

வீடு குளிர்ந்தது. நிஜமாகவே குளிர்ந்தது, மூன்று கோடையாக. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் முடி வளர்ந்துவிட்டது, சலூனுக்குப் போனேன்.

சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணியைப் போர்த்திவிட்டால் ஆண்பிள்ளைக்கு வாயைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாது. மத்தியான வேளையில் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது என்றேன். சுவர்ப் பல்லி ராத்திரியானால் என் மப்ளருக்குள் வந்து படுத்துக்கொள்கிறது என்றேன். உள்ளே வந்த கொசு ஒன்று என் காதோரம் தும்மியது என்றேன். நான் விடுகிற மூச்சு புகையாகத் தெரிவதால், பக்கத்துக் கட்டடத்து அம்மா நான் மறுபடி சிகரெட் பிடிக்க ஆரம்பித்துவிட்டதாக என் மனைவியிடம் வத்திவைத்துவிட்டாள் என்றேன். சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சொன்ன எதையும் இந்தத் தெருவில் ஒருவரும் நம்பினது கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்வதே.

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் மல்லாந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நுரைக்குள் யார் இருக்கிறார்கள் என்று யார் விசாரித்துக்கொண்டு பேசுவார்கள்? அது எங்கள் வீட்டு முதலாளி.

முதலாளிக்கு முக்கில் சிமெண்ட் கடை. எங்கள் கட்டடம் அவருடையது. கீழ் இரண்டு மாடியும் மருந்துக் கம்பெனிக் குடோன், அவர்கள் இப்போதைக்கு அசையமாட்டார்கள். அவர் மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். ஆனால் புதுமருமகளை அடுப்பில் கொண்டுபோய் வைக்க முடியுமா என்று அந்த யோசனையை ஒதுக்கிவைத்திருந்தார். ஆக, எங்களை அந்த வீட்டில் வைத்திருந்தது வெயில்தான். அந்த வெயிலைத்தான் நான் விரட்டிவிட்டு, விரட்டின கதையை அவர் காதில் வேறு போட்டிருந்தேன்.

மறுநாள் காலை, தொட்டியில் வெயில் பட இன்னும் கொஞ்சம் இருக்கும்போது படியில் பலமாக மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. முதலாளி கனத்த உடம்புக்காரர். ஒரு சிமெண்ட் மூட்டை தானே மூன்று மாடி ஏறி வந்தால் எப்படி இருக்குமோ அப்படி வந்து நின்றார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், சுற்றிவளைக்காமல் சொன்னார். மருமகள் பக்கம் மகன், மகன் பக்கம் தன் மனைவி, தனக்குத்தான் பக்கமே இல்லை என்றார். வீடு நிஜமாகவே குளுகுளுவென்று இருந்தால் பிள்ளைகளைக் குடிவைத்துவிடுவது என்று தீர்மானம். இன்றைக்கு ஒரு பகல் இருந்து பார்த்துவிட்டுப் போகலாமென்று கடையைக் கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். "என்ன முதலாளி, சலூன்ல பேசினதையெல்லாமா நம்புவாங்க? கொசு எங்கயாவது தும்முமா?"

"கொசு தும்மாது பெரியவரே," என்றார். "ஆனா தேங்காய் எண்ணெய் உறையும். அதைச் சொல்லும்போது மட்டும்தான் நீங்க யாராவது சிரிக்கிறாங்களான்னு பாக்கல."

என் வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு மனிதர் என்னை நம்பிவிட்டார். அது இப்படியா வந்து வாய்க்க வேண்டும்.

என் மனைவி சமையலறை வாசலில் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குச் சன்னலை மூடவேண்டாம், விருந்தாளிக்கு மூச்சு முட்டும் என்று நான் அவளிடம் கண்ணைக் காட்டிச் சொன்னேன். முதலாளி குறுக்கே புகுந்து, எனக்காக ஒன்றையும் மாற்றாதீர்கள், எப்போதும் செய்கிறபடியே செய்யுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டுத் தொட்டியில் வெயில் பட்டது. அவளுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு சன்னலாக மூடி, ஒவ்வொரு திரையாக இறக்கிக்கொண்டு வந்தாள். படம் ஆரம்பிக்கும்போது தியேட்டர் இருட்டுமே, அந்த மாதிரி வீடு ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக வாசல் கதவைத் தாழ்போட்டு அதன்மேல் சாக்கை இறக்கிக் கொக்கி மாட்டினாள். கூடத்தில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும். முதலாளி சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தார். "அட," என்றார், மிகவும் வருத்தத்தோடு.

சமையலறையில் நானும் அவளும் கூடிப் பேசினோம். மூன்று கோடையாக இந்த வீட்டைக் குளிர வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பகல் சூடாக்கத் தெரியாதா என்று நான் ஆரம்பித்தேன். அவள் நான் முடிக்கிறவரை காத்திருக்கவில்லை.

"பத்த வைங்க," என்றாள்.

இரண்டு அடுப்பையும் பற்றவைத்து, இருக்கிறதிலேயே பெரிய பாத்திரங்களில் தண்ணீரை ஏற்றினோம். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். சட்டைகளுக்குப் போட்டேன், பிறகு துண்டுகளுக்கு, பிறகு கரித்துணிக்கு, கடைசியில் நேற்றைய செய்தித்தாளுக்கும் போட்டேன். இவ்வளவு பெரிய பாத்திரத்தில் என்ன சமையல் என்று கூடத்திலிருந்து முதலாளி கேட்டார். இவருக்கு உடம்பு வலி, வெந்நீர் ஊற்றணும் என்றாள் என் மனைவி. எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. அதையும் அளவாகத்தான் சொன்னாள்.

நான் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டுகிற மனிதனாகக் கூடத்துக்குப் போனேன். அப்பாடா, என்ன புழுக்கம், இருக்க முடியவில்லை என்று அட்டையால் விசிறிக்கொண்டேன். முதலாளி என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"முகம் கழுவினீங்களா பெரியவரே? காதுல சோப்பு இருக்கு."

வீடு மசியவில்லை. சூடெல்லாம் சமையலறைக்குள்ளேயே சுழன்றது. கூடத்துக்கும் அதற்கும் நடுவில் தொங்கின சாக்கை நாங்கள்தான் அத்தனை கெட்டியாகத் தைத்திருந்தோம். அதை விலக்கினாலும் சூடு எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளிருந்த குளிருக்குப் பயந்து திரும்பி வந்தது. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் வெந்துகொண்டிருந்தோம், அந்தப் பக்கம் அவர் காலை நீட்டி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். வாசல் கதவைத் திறந்து தெரு வெயிலைக் கூப்பிடலாம் என்றால், கதவுக்கு முன்னால் நாற்காலி, நாற்காலியில் அவர். எங்கள் சட்டம் எங்களையே பூட்டி வைத்திருந்தது. இஸ்திரிப் பெட்டியோடு நான் அந்த இருட்டில் நின்றேன். நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவனைப்போல இடைவேளை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளியே கூப்பிட்டார். இரண்டு பேரும் வந்து உட்காருங்கள் என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியுது. ரெண்டு அடுப்பு எரியிற சத்தம் கேக்குது. உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன், தப்பா எடுத்துக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே துடைப்பதற்கு ஒன்றுமில்லை. "மழைக்கு முன்னால வேற இடம் பாத்துக்கோங்க பெரியவரே. நானும் நாலு இடத்துல சொல்லி வைக்கிறேன்."

"சரிங்க," என்றாள் என் மனைவி.

எனக்கு ஒரு பேச்சும் வரவில்லை. சலூன்காரர் மட்டும் அங்கே இருந்திருந்தால், பெஞ்சில் இருக்கிறவர்களையும் கூட்டிவந்து காட்டியிருப்பார்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட களைப்பில் முதலாளிக்குக் கண்ணைச் செருகியது. அங்கே கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமா என்று உள்ளறையைக் காட்டினார். எங்கள் வீட்டில் அதிகக் குளிர்ச்சி அந்த அறைதான். நாலு பக்கமும் சாக்கு, ஒரே ஒரு வாசல், நடுவில் ஒரு கட்டில். என் மனைவி தலையணை எடுத்துக் கொடுத்தாள். போனில் சார்ஜ் இல்லை என்று கூடத்து மேஜையில் மாட்டிவிட்டு அவர் போய்ப் படுத்தார். படுத்ததும் குறட்டை கிளம்பியது. கிளம்பின குறட்டை சாக்கில் மோதித் திரும்பி அவரிடமே போனது, வெளியே பாதிதான் கேட்டது.

அவள் போய் அந்த வாசல் திரையையும் இறக்கி, ஓரத்தை மடித்துச் செருகிவிட்டு வந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிரைக் கொடுத்துச் சமையலறையைச் சூடாக்கி வைத்திருக்கிறோம், இப்போதாவது அது உள்ளே போகட்டும் என்றில்லாமல் அதையும் மூடிவிட்டு வருகிறாளே என்று முணுமுணுத்தேன். கை பழக்கம் என்றாள். அந்த அறையில் யார் படுத்தாலும் அவள் திரையை இறக்குவது வழக்கம், ஏனென்று அவள் கைக்கே தெரியாது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடத்தில் என்னோடு உட்கார்ந்தாள்.

எங்கே போவது என்று பேசினோம். அவளுடைய அண்ணன் வீட்டில் ஒரு அறை உண்டு, ஆனால் அதில் தண்ணீர் மோட்டார் குடியிருக்கிறது. என் தங்கை வீட்டில் மோட்டார் இல்லை, தங்கையின் மாமியார் இருக்கிறார், சத்தம் ஒன்றுதான். அதற்குமேல் யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. யோசிப்பதற்கு இடம் இருந்தால்தானே. கதவைத் திறக்க இன்னும் நிறையப் பொழுது இருந்தது. இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு, நம் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, பறித்தவர் எழுந்திருக்கட்டும் என்று சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

குறட்டை நின்றது.

"மணி என்ன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மத்தியானம் தாண்டிவிட்டது என்றேன்.

"ராத்திரியா?"

பகல்தான் முதலாளி, நல்ல பகல் என்றேன். கட்டில் கிரீச்சென்றது. அவர் இறங்கி நிற்பது தெரிந்தது. சாக்கின்மேல் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டின இடத்தில் சாக்கு இருந்தது, சாக்குக்குப் பின்னால் சுவர் இருந்தது. அடுத்துத் தட்டினார், அங்கேயும் சாக்கு, அங்கேயும் சுவர்.

"கதவு எங்க?"

இடது கைப் பக்கம் என்றேன். அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தட்டிக்கொண்டே அறையை ஒருமுறை சுற்றி வந்தார். கட்டிலில் முழங்கால் இடித்தது. மறுபடி சுற்றினார், இந்தத் தடவை வேகமாக. மூச்சுச் சத்தம் தட்டுகிற சத்தத்தை முந்திக்கொண்டு வந்தது.

"பெரியவரே, கதவு எங்க? கதவு எங்கய்யா?"

அது சிமெண்ட் கடைக் குரலே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட சின்னப்பிள்ளையின் குரல். நான் சிரிக்கலாமென்று வாயைத் திறந்தேன், திறந்த வாய் அப்படியே நின்றது. என்னவோ கிழிந்தது, என்னவோ விழுந்தது. என் மனைவி நான் எழுந்திருப்பதற்குள் ஓடிப்போய்த் திரையைத் தூக்கினாள். ஈரச் சாக்கு ஒன்று தலைமேல் விழுந்து, அதற்குள் சிக்கிக்கொண்டு நின்றார். அவள் சாக்கை உருவி எறிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையை விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டே கூடத்தைக் கடந்து வாசல் பக்கம் போனார். அங்கேயும் ஒரு சாக்கு தொங்குவதைக் கண்டதும், "இதுவுமா?" என்றார் பாவமாக.

அவள் கொக்கியைக் கழற்றினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். சட்டம் போட்ட நாளிலிருந்து நட்டநடுப் பகலில் அந்தக் கதவு திறந்தது அதுதான் முதல்தடவை.

மூன்று கோடையாக வாசலில் காத்திருந்த விருந்தாளிபோல, வெயில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது. ஒரு நொடியில் எனக்குப் புருவம் காய்ந்துவிட்டது. முதலாளி படிக்கட்டுத் திருப்பத்தில், ஃபிரிட்ஜின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முகத்தை நேராக வெயிலுக்குக் காட்டி நின்றார். அந்த நெருப்புக் காற்றைத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி மடக்கு மடக்காக இழுத்தார். வேர்த்தது. வேர்த்ததும் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

"இதுக்குள்ள என் மருமக இருப்பாளா?" என்றார். "ஒருநாள் இருந்தா மறுநாள் என் பையனையும் வேணாம்னுட்டுப் போயிடுவா."

அறைக்குள் ஒரு சின்ன பல்பு போட்டுவிட்டால் சரியாகிவிடும் முதலாளி என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். வித்தையைக் குறை சொன்னால் வித்தைக்காரனுக்குப் பொறுக்காது. என் மனைவி என் கால் விரலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவில்லை.

"நீங்களே இருங்க பெரியவரே. எத்தனை வருஷமானாலும் இருங்க. பசங்களுக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன்," என்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏறி வந்ததைவிட வேகமாக இறங்கினார். போனை மறந்துவிட்டுப் போகிறார் என்று நான் கத்தினது அவர் காதில் விழவில்லை. சாயங்காலம் நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷட்டர்களை முழுக்க ஏற்றிவிட்டு, மேல்சட்டை இல்லாமல், தெருவைப் பார்த்து நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அது சாயங்காலம். அவர் இறங்கிப் போன அந்த நிமிஷம் எனக்கு மிதக்கிற மாதிரி இருந்தது. வீடு தப்பியது. மழைக்கு முன்னால் எங்கேயும் போகவேண்டாம், மழைக்குப் பின்னாலும் போகவேண்டாம். இதைச் சலூனில் எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுகூட மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது என்று கவனித்தேன். அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மூடு, சூடு ஏறுகிறது என்றேன்.

அவள் மூடவில்லை. முதலாளி நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டாள். தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஒரே தூக்கத்துல கேட்டுட்டாரு," என்றாள்.

"என்னத்தை?"

"கதவு எங்கன்னு."

தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மேலே சொன்னாள்.

"எனக்கு மூணு கோடையா தொண்டை வரைக்கும் வந்து வந்து போகுது. வீடு போயிடுமேன்னு முழுங்கிட்டேன். இப்போ வீடு போகல." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இருட்டுக்குள்ள நான் இருக்கணுமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க."

இருட்டில் கையால் தடவியே அவள் ஓரம் அடிப்பாள், ஒரு நூல்கூட விலகாது. அதையும் நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் கையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன், கண்ணைப் பற்றி இல்லை. எனக்கு எந்தக் கேள்விக்கும் கைவசம் ஒரு கதை இருக்கும். இதற்கு நான் உள்ளே போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவளுடைய தையல் மெஷின் இருக்கிற மூலையில் சன்னலுக்கு நான் மாட்டியிருந்த அட்டையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நன்றாக மாட்டியிருந்தேன், கழற்ற வெகுநேரம் ஆனது. அவள் வந்து உதவவில்லை. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை விழுந்ததும் வெயில் மெஷின்மேலும் அவள் மடிமேலும் ஒரேயடியாக விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர, நகரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பருவம். சன்னல் மூலையில் கோடை, மற்ற இடத்தில் குளிர்காலம், நடுவில் ஒரு சாக்கு. அவள் காலையிலிருந்து கோடையில் உட்கார்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் சட்டைத் தையலைக் குறை சொல்லிக்கொண்டே மெஷினை மிதிக்கிறாள். நான் குளிர்காலத்தில் மப்ளரோடு இருக்கிறேன். சாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொள்கிறோம். டீ மட்டும் யாராவது ஒருவர் பருவம் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. பெரும்பாலும் நான்தான் போகிறேன். போனால் சும்மா திரும்ப விடுவதில்லை, டீ ஆறுகிறவரைக்கும் உட்காருங்கள் என்கிறாள். உட்காருகிறேன். அந்த மூலையில் டீ ஆறுவதே இல்லை.